இனிப்பு நீர் உள்ள அப்பாவுக்குத் திறன் கடிகாரம்: வாங்கத்தான் வேண்டுமா, வாங்கினால் எந்த நிறுவனத்தினது?

செந்தூல் மகன் (கோலாலம்பூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயதாகிறது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. இரண்டுக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறார். காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பது அவருடைய வழக்கம். தனியாகத்தான் போகிறார், அதுவும் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார் என்பதுதான் எங்களுக்குள்ள கவலை.

தீபாவளிக்கு முன்பாக அவருக்கு ஒரு திறன் கடிகாரம் வாங்கித் தரலாம் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டோம். பேச்சு முடிவதற்குள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. ஆப்பிளைத் தவிர மற்றவை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள் என்கிறான் தம்பி. 1,000 வெள்ளியைக் கையில் கட்டிக்கொண்டு திரிவதைவிட நல்ல இரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கி மேசையில் வைக்கலாம் என்கிறார் என் மனைவி. அப்பாவோ, இணைய விற்பனைத் தளத்தில் பார்த்த ஒரு விளம்பரத்தைக் காட்டி, விரலில் குத்தாமலேயே சர்க்கரை அளவைச் சொல்லும் கடிகாரம் 139 வெள்ளிக்குக் கிடைக்கும்போது நீங்கள் எதற்காக இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார்.

எங்களால் 1,000 வெள்ளி வரை செலவு செய்ய முடியும். இந்தக் கடிகாரங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா, அல்லது சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடுமா என்பதையும், ஆப்பிள், சாம்சுங், ஹுவாவே, கார்மின், சியோமி ஆகியவற்றுள் எங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதையும் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நான் ஐபோன் வைத்திருக்கிறேன்; அப்பாவினது ஆண்ட்ராய்டு.


பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர் எழுதுகிறார்:

தம்பி, நான் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடிகாரம் விற்பதில்லை என்பதால் எந்த நிறுவனத்தின் மீதும் எனக்குத் தனிப் பாசம் கிடையாது. நீங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் செய்திதான் முதலில் வரவேண்டியது. எந்தக் கடிகாரம் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது அதைக் கட்டப்போகிறவரின் கைப்பேசிதான்.

ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடு மட்டுமே சேரும். 2015இல் முதல் கடிகாரம் வந்த நாளிலிருந்து இன்று வரை இதில் மாற்றமில்லை. உங்கள் தம்பி சொல்லக்கூடிய ஒரு சுற்றுவழி உண்டு: உங்கள் ஐபோனிலிருந்தே அப்பாவின் கடிகாரத்தை அமைத்துக் கொடுக்கும் குடும்ப அமைப்பு முறை 2020இல் வந்தது. ஆனால் அதற்கு இ-சிம் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) உள்ள, விலை கூடிய மாடல் வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனமும் அதை ஆதரிக்க வேண்டும். அவ்வளவும் செய்த பிறகும் அந்த முறையில் ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்புப் பதிவு) கிடையாது, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு பற்றிய எச்சரிக்கையும் கிடையாது. அப்பாவின் உடல்நிலைக்காக வாங்குகிறவர் அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து 1,000 வெள்ளியைத் தாண்டிப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. உங்களுக்காக வாங்குவதானால் பேச்சே வேறு. ஐபோன் வைத்திருப்பவருக்கு ஆப்பிளைவிட இயல்பாகப் பொருந்தும் கடிகாரம் கிடையாது. சார்ஜ் மட்டும் தினசரி வேலை: நிறுவனமே பல ஆண்டுகளாக 18 மணி நேரம் என்றுதான் சொல்லிவந்தது, 2025இல் வந்த சீரிஸ் 11இல்தான் அது 24 மணி நேரமானது.

சாம்சுங் 2021இல் கேலக்ஸி வாட்ச் 4 வழியாகத் தன் பழைய டைசன் மென்பொருளை விட்டுவிட்டு, கூகுளோடு சேர்ந்து வேர் ஓஎஸ் பக்கம் வந்தது. அன்றிலிருந்து புதிய கேலக்ஸி கடிகாரங்கள் ஐபோனோடு சேர்வதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளோடு சேரும், ஆனால் ஈசிஜியும் இரத்த அழுத்தமும் சாம்சுங் கைப்பேசி இருந்தால்தான் வேலை செய்யும். கடைகளில் இதைச் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள்; பிறகு வேறு நிறுவனத்துக் கைப்பேசியோடு என்னிடம் வந்து, கடிகாரம் கெட்டுவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு.

ஹுவாவே இரண்டு பக்கமும் சேரும். சார்ஜ் விஷயத்தில் அதன் ஜிடி வரிசையை அடித்துக்கொள்ள ஆள் குறைவு; பெரிய அளவுக் கடிகாரத்துக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ என்கிறார்கள், திரையை எப்போதும் எரியவிட்டால் அது வெகுவாகக் குறையும். குறை எங்கே என்றால், 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த வணிகத் தடைக்குப் பிறகு கூகுளோடு உறவு அறுந்துபோனதால், அதன் புதிய செயலியை ஆண்ட்ராய்டில் கூகுளின் கடையிலிருந்து எடுக்க முடியாமல் ஹுவாவேயின் தளத்திலிருந்து தனியாக இறக்கிப் பதிய வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒருமுறை செய்து கொடுத்துவிட்டால் அப்பாவுக்குச் சிரமமில்லை. வெளிச் செயலிகளும் குறைவு, ஆனால் 63 வயதுக்காரர் கடிகாரத்தில் எத்தனை செயலி போடப்போகிறார்?

சியோமியின் பட்டைக் கடிகாரங்கள் 250 வெள்ளிக்குள் கிடைக்கின்றன, இரண்டு வாரம் போல நிற்கின்றன, அடியையும் தூக்கத்தையும் துடிப்பையும் ஓரளவு சரியாகக் காட்டுகின்றன. அப்பா கட்டுவாரா மாட்டாரா என்றே தெரியாத நிலையில் முதலில் இப்படி ஒன்றைக் கட்டவைத்துப் பார்ப்பது தவறில்லை. கார்மின் பற்றி ஓட்டக்காரர்கள் யாராவது வந்து எழுதுவார்கள், அதை அவர்களுக்கே விடுகிறேன்.

அப்பாவின் ஆண்ட்ராய்டு எந்த நிறுவனத்தினது என்று சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் தாதி எழுதுகிறார்:

139 வெள்ளிக் கடிகாரத்தைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது பணம் மட்டும் சம்பந்தப்பட்டதன்று. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளவைத் தானாகவே அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும், அப்படிச் சொல்லி விற்கப்படுபவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதற்கு முயன்றுவருகின்றன. முடிந்திருந்தால் விளம்பரம் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்திருக்கும். கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு சர்க்கரை பார்க்கிறார்களே என்று அப்பா கேட்கலாம். அந்த வகைச் சென்சார் மேல்கையில் ஒட்டப்படுவது. முடிபோல் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருந்து அளக்கிறது. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையை 14 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் எண்ணைக் கடிகாரம் திரையில் காட்டலாம், அளப்பது கடிகாரமன்று.

பொய் எண் ஏன் ஆபத்து என்றால், உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரைகளில் கிளிக்லசைட் போன்ற ஒன்று இருந்தால், காலையில் வெறும் வயிற்றோடு நடக்கும்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த அச்சம் மிகக் குறைவு. கை நடுங்கி வியர்க்கிற நேரத்தில் மணிக்கட்டைப் பார்த்து, 6.2 என்று நல்ல அளவைத்தான் காட்டுகிறது, ஆகவே ஒன்றுமில்லை என்று ஒருவர் நடந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இவ்வளவு பெரிய சந்தையைப் போலி விற்பனையாளர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அடுத்தது இரத்த அழுத்தம். இங்கே உங்கள் மனைவிதான் வென்றார். கேலக்ஸி கடிகாரம் இரத்த அழுத்தத்தைக் காட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் மேல்கையில் சுற்றும் சாதாரணக் கருவியால் முதலில் அளந்து அந்த எண்ணை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், 28 நாளுக்கு ஒருமுறை அதையே மறுபடியும் செய்ய வேண்டும். ஆக, கடிகாரம் வாங்கினாலும் மேசைக் கருவி வாங்கித்தான் தீரவேண்டும். ஆப்பிள் 2025இல் கொண்டுவந்திருப்பது 30 நாள் போக்கைக் கவனித்து, இரத்தக் கொதிப்பு இருக்கலாம் என்று அறிவிக்கும் ஏற்பாடு. அது எண் எதையும் தராது. ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அந்த அறிவிப்பால் ஒரு பயனும் இல்லை. உண்மையாகவே காற்றை ஊதி அளப்பது ஹுவாவேயின் வாட்ச் டி வரிசை. அதன் வாருக்குள் சிறிய காற்றுப்பையும் பம்பும் இருக்கின்றன. அதிலும் உட்கார்ந்து, மணிக்கட்டை இதயத்தின் மட்டத்துக்குத் தூக்கி, பேசாமல் இருந்தால்தான் எண் சரியாக வரும். அதன் விலை உங்கள் 1,000 வெள்ளியைத் தாண்டும்.

நான் மதிக்கும் ஒன்று, ஒழுங்கற்ற இதயத் துடிப்பைக் கண்டுபிடிப்பது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு கூட்டுகிறது. வந்து வந்து போவதால் கிளினிக்கில் எடுக்கும் ஈசிஜியில் அகப்படாமலே போய்விடும். நாள் முழுதும் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்கு அதைப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆப்பிள் நிறுவனம் பணம் கொடுத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. அதில் சேர்ந்த 4 லட்சத்து 19 ஆயிரம் பேரில் எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர்தான்; எச்சரிக்கைக்குப் பிறகு மார்பில் ஒட்டும் கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினருக்கு அந்தக் கோளாறு உறுதியானது. எண்களைப் பார்த்தாலே தெரியும், இது மருத்துவரிடம் போகச் சொல்லும் கருவி, மருத்துவர் அன்று. மாரடைப்பைக் கடிகாரத்தின் ஈசிஜி கண்டுபிடிக்காது. அதை ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. மார்பு வலித்தால் கடிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்காராமல் 999ஐ அழைக்க வேண்டும்.

இரத்தத்தில் உள்ள உயிர்வாயு அளவைப் பற்றி நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கடிகாரங்கள் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதைக் கொண்டு கணக்கிடுகின்றன. தோல் கறுப்பாக இருக்கும்போது அந்தக் கணக்கு பிசகக்கூடும். மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவியே, ஆபத்தான அளவுக்கு உயிர்வாயு குறைந்திருப்பதைக் கவனிக்கத் தவறுவது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்காவில் கண்டார்கள். விரல் கருவிக்கே அந்தக் கதி என்றால் மணிக்கட்டில் காட்டும் 97ஐயும் 94ஐயும் பார்த்துக் கவலையும் படவேண்டாம், நிம்மதியும் அடையவேண்டாம்.


பழைய ஓட்டுநர் (ஜாலான் ஈப்போ) எழுதுகிறார்:

உங்கள் அப்பாவின் தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எனக்கும் மகள் ஒன்று வாங்கித் தந்தாள். இரவு நன்றாகத் தூங்கி எழுந்திருப்பேன். கடிகாரம் 58 மதிப்பெண் கொடுத்து, ஆழ்ந்த தூக்கம் போதவில்லை என்று எழுதும். அதைப் படித்த பிறகுதான் எனக்குக் களைப்பு வரும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஐம்பது வருடம் ஆன பிறகு மதிப்பெண் வாங்கி வாழ வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று கழற்றி வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு 10,000 அடி என்று அது விரட்டுவதும் அப்படித்தான். அந்த எண் 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்ததே தவிர எந்த மருத்துவரும் சீட்டில் எழுதிக் கொடுத்ததன்று.

உங்கள் கேள்வியில் உண்மையான கவலை, அவர் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார் என்பது. அதற்குக் கடிகாரம் எதற்கு? இடுப்பில் கட்டும் சிறு பை சந்தையில் 15 வெள்ளி. அதற்குள் கைப்பேசி, அடையாள அட்டை, நான்கு இனிப்பு மிட்டாய். மேலே எழுதிய தாதி அம்மாவும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.


தண்ணீர்மலை நடையன் (பினாங்கு) எழுதுகிறார்:

கார்மின் பற்றி எழுத ஆள் தேவை என்று அண்ணன் கேட்டதால் வருகிறேன். நான் அப்பாக்களின் வயதுக்காரன் அல்லன். பினாங்குப் பாலத்து மராத்தானுக்குப் பயிற்சி செய்கிறவன். கார்மின் 2003இலேயே ஃபோர்ரன்னர் என்ற பெயரில் ஓட்டக்காரர்களுக்கான ஜிபிஎஸ் கருவியைக் கொண்டுவந்த நிறுவனம். கைக்கு வந்த கைப்பேசியாக இருக்க அது ஆசைப்படுவதில்லை. ஃபோர்ரன்னர் 55 போன்ற எளிய மாடலே சாதாரணப் பயன்பாட்டில் இரண்டு வாரம், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருந்தால் 20 மணி நேரம் என்கிறது. மராத்தான் முழுவதும் ஓடி வீடு திரும்பிய பிறகும் அதில் சார்ஜ் மிச்சமிருக்கும் என்ற தைரியம் எனக்கு முக்கியம். பொத்தான்களும் முக்கியம்: வியர்வையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை பல நேரம் பணியாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் காலை ஏழரை மணிக்கே சட்டையைப் பிழியலாம்.

துடிப்பு அளவு எங்கே சரியாக வருகிறது, எங்கே உளறுகிறது என்பதைத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் நன்றாகவே பார்க்கலாம். மொத்தம் 513 படிகள். கையை இயல்பாக வீசி ஏறினால் மணிக்கட்டுக் கடிகாரமும் மார்பில் கட்டும் பட்டையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுகின்றன. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு ஏறினாலோ மணிக்கட்டுக் கடிகாரம் பின்தங்கிப்போய், மேலே நின்று மூச்சு வாங்கும்போதுதான் உண்மையான எண்ணைப் பிடிக்கிறது. மணிக்கட்டுத் தசை இறுகும்போது ஒளியின் வழியாக இரத்த ஓட்டத்தைப் படிப்பது கடினம். எடை தூக்குபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. எந்த நிறுவனமும் இதிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை.

கலோரிக் கணக்கை மட்டும் யாரும் நம்பிவிடாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு அளந்தன. செலவான கலோரியைக் கணிப்பதில் இருப்பதிலேயே நல்லதாக வந்த கருவி சராசரியாக 27 விழுக்காடு தவறியது. கருவிகள் அன்றைவிட முன்னேறியிருக்கலாம், ஆனாலும் கடிகாரம் 400 கலோரி எரிந்தது என்றதும் நேராகப் பரோட்டாக் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கும் பெரியவருக்குக் கார்மின் தேவையில்லை. விழுந்தால் உதவி கேட்கும் வசதி அதிலும் உண்டு, ஆனால் பயிற்சியைத் தொடங்குகிறேன் என்று பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், கைப்பேசியும் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் அப்பா இரண்டையும் செய்வார் என்று தோன்றவில்லை.


செந்தூல் மகன் எழுதுகிறார்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. தாதி அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 139 வெள்ளிக் கடிகாரப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. அவருடைய மாத்திரைப் பையைப் பார்த்தேன், கிளிக்லசைட் இருக்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் நடக்கப் போகிறார் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பாவின் கைப்பேசி சாம்சுங் கேலக்ஸி ஏ வரிசை, வாங்கி அதிக நாளாகவில்லை. இப்போது இரண்டு கேள்விகள் மிச்சம். அவர் விழுந்துவிட்டால் கடிகாரம் எங்களை அழைக்குமா? புலனத்தில் அத்தைமார் அனுப்பும் தமிழ்ச் செய்திகள் அதில் தெரியுமா?


பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர் எழுதுகிறார்:

கைப்பேசி சாம்சுங் என்றால் கேலக்ஸி கடிகாரத்துக்குத்தான் என் வாக்கு. புதிதாக வெளிவந்ததே வேண்டும் என்பதில்லை, ஒன்றிரண்டு வருடம் முந்திய மாடல் உங்கள் பணத்துக்குள் அடங்கும். அப்பாவுக்கு வேண்டிய ஈசிஜி, துடிப்பு எச்சரிக்கை, விழுதல் அறிதல் எல்லாம் அதிலும் உண்டு. சார்ஜ் ஒரு நாளுக்குச் சற்று மேல் நிற்கும். அது பெரிய குறைதான். ஆனால் குளிக்கப் போகும்போது கழற்றிச் சார்ஜ் மேடையில் வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் சமாளித்துவிடலாம். அந்தப் பழக்கம் அவருக்கு வராது என்று நினைத்தால் ஹுவாவே ஜிடிக்குப் போங்கள். காலியான கடிகாரத்தில் எத்தனை வசதி இருந்தும் என்ன பயன்?

விழுந்தால் அழைக்குமா என்பதற்கு நேரான பதில்: கைப்பேசி வீட்டில் கிடந்தால் சாதாரண மாடல் அழைக்காது. அதற்கென்று தனி இணைப்பு கிடையாது, கைப்பேசி வழியாகத்தான் அழைக்கும். தானாக அழைக்க வேண்டுமானால் எல்டிஇ மாடல் வாங்கி, இ-சிம் போட்டு, மாதக் கட்டணமும் கட்ட வேண்டும். இந்த இடத்தில் பழைய ஓட்டுநர் ஐயா சொன்ன 15 வெள்ளிப் பையை நான் வழிமொழிகிறேன். கைப்பேசி இடுப்பில் இருந்தால் சாதாரணக் கடிகாரமே போதும். பை கட்டமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் எல்டிஇ. இரண்டில் எதுவானாலும், விழுதலை அறியும் வசதியை அமைப்புகளுக்குள் போய் நீங்கள்தான் திறந்துவிட்டு, உங்கள் எண்ணையும் தம்பியின் எண்ணையும் பதிந்து வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது அது மூடியே இருக்கும்.

தமிழ் எழுத்து ஆப்பிளிலும் சாம்சுங்கிலும் சரியாகவே வரும். மலிவான சில பட்டைகளில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வருவதை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே எதை வாங்கினாலும் கடையில் நின்றபடியே ஒரு தமிழ்ச் செய்தியை அனுப்பிப் பார்த்துவிடுங்கள். அப்படியே அப்பாவின் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போய், அங்கேயே இணைத்து, ஈசிஜிக்கான செயலி திறக்கிறதா என்று பாருங்கள். இந்த வசதிகளை ஒவ்வொரு நாட்டிலும் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றுத்தான் திறக்கிறார்கள். நம் நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கென ஓர் ஆணையமும் இருக்கின்றன. வேறு நாட்டுக்காகத் தயாரித்த பெட்டியை இங்கே மலிவாக விற்பார்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் வசதி உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் விற்ற புதிய ஆப்பிள் கடிகாரங்களில் காப்புரிமை வழக்கு காரணமாக உயிர்வாயு அளக்கும் வசதியை மூடி வைத்திருந்தார்கள். மற்ற நாடுகளுக்கான கடிகாரங்களில் அது வேலை செய்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

கோலாலம்பூரின் லோ யாட் கடைத்தொகுதியில் வாங்குவதானால் மலேசியா செட்டா (இந்நாட்டு விற்பனைக்கென வந்தது), ஏபி செட்டா (வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கியது) என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெட்டியில் சிரிம் என்ற நம் நாட்டுத் தரச் சான்று அமைப்பின் முத்திரையைப் பாருங்கள். உத்தரவாதம் தயாரிப்பு நிறுவனத்தினதா கடையினதா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். நூறு வெள்ளி கூடக் கொடுத்தாலும் மலேசியா செட்டே மேல், ஏனென்றால் கடிகாரத்தில் முதலில் போவது பேட்டரி. கடை உத்தரவாதத்தை நம்பிப் பேட்டரி மாற்றப் போன பலர் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒட்டியிருக்கும் கண்ணாடியைத் திறந்து மூடிய பிறகு, நீர் புகாது என்று என்னாலும் உறுதி தர முடியாது.


பட்டர்வொர்த் தாதி எழுதுகிறார்:

தம்பி, கிளிக்லசைட் இருக்கிறது என்பதால் கடிகாரம் வருவதற்கு முன்பாகவே ஒன்றைச் செய்துவிடுங்கள். அடுத்த கிளினிக் தவணை வரை காத்திருக்காமல், காலை நடைக்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டுமா, மாத்திரையை எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மிட்டாய் பற்றி ஐயா எழுதியது மிகச் சரி. சர்க்கரை இல்லாத மிட்டாயாக மட்டும் இருந்துவிடக் கூடாது. இனிப்பு நீர் உள்ளவர் என்று யாராவது அக்கறையோடு அதைத்தான் வாங்கி வைப்பார்கள்.

கடிகாரம் எச்சரிக்கை கொடுத்தால் அந்தத் திரையை அப்படியே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஜிப் பதிவைக் கோப்பாக எடுத்து அச்சடிக்கவும் முடியும். கிளினிக்கில் ஐந்து நிமிடத்துக்குள், மூன்று மாத எண்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டினால் எந்த மருத்துவராலும் பார்க்க முடியாது. ஒரு தாளில் தேதியும் நேரமும் அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் இருந்தால் பார்ப்பார். இரத்த அழுத்தத்தை மேசைக் கருவியால் காலையும் மாலையும் எடுத்து அதே தாளில் எழுதுங்கள்.


செந்தூல் மகன் எழுதுகிறார்:

நேற்று மாலை அப்பாவை அழைத்துக்கொண்டு லோ யாட்டுக்குப் போய்வந்தோம். பைக்குச் சம்மதித்துவிட்டார், எல்டிஇக்கு மாதக் கட்டணம் என்றதும், உங்கள் அம்மாவுக்கே நான் மாதக் கட்டணம் கட்டியதில்லை என்று சொல்லிவிட்டார். முந்திய மாடல் கேலக்ஸி, மலேசியா செட், கையிலும் கட்டிப் பார்த்தாயிற்று. ஈசிஜிச் செயலி அவருடைய கைப்பேசியில் திறந்தது. இரத்த அழுத்தக் கருவியும் சேர்த்து 1,000 வெள்ளிக்குச் சற்று மேல் போனது. மனைவிக்கு அதில் தனி மகிழ்ச்சி.

கடைசியாக ஒரு சிறு சந்தேகம். அப்பாவின் வலது கையில் கோயில் கயிறுகள் மூன்று இருக்கின்றன, கழற்றமாட்டார். இடது கையில் பழைய கடிகாரம் கட்டிய இடத்தில் அவ்வப்போது அரிப்பு வரும். எந்தக் கையில் கட்டுவது?


பட்டர்வொர்த் தாதி எழுதுகிறார்:

இடது கையில் கட்டுங்கள். கயிற்றின் மேல் கட்டினால் கடிகாரத்தின் அடிப்பாகம் தோலில் படியாது, வெளி வெளிச்சம் உள்ளே நுழைந்து துடிப்புக் கணக்கைக் கெடுக்கும். நனைந்த கயிறு அடியில் கிடந்தால் அரிப்பும் கூடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாத அளவுக்கு இறுக்கமாக, தழும்பு விழாத அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். அரிப்பு பெரும்பாலும் சிலிக்கோன் வாருக்கடியில் தங்கும் வியர்வையாலும் சோப்பாலும் வருவது. நடந்து வந்ததும் வாரைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, கை நன்றாகக் காய்ந்த பிறகு கட்டச் சொல்லுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் துணி வாருக்கு மாற்றிவிடுங்கள். இனிப்பு நீர் உள்ளவர் என்பதால் தோல் உரிந்து புண்ணாகும் வரை விட்டுவைக்க வேண்டாம்.